துறவறச் சகோதரிகள் விட்டுச்சென்ற கொடை

முதுமையில் நினைவு மங்குவது ஏன் என்பதை ஆராய்ந்தவர்களுக்குப் பெருந்துணையாயிருந்தவர்கள் கத்தோலிக்கத் துறவறச் சகோதரிகள் என்பதை உங்களிற் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். 1986ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், நோட்ரே டேம் பாடசாலைச் சகோதரிகள் சபையினரிடையே டேவிட் ஸ்னோடன் என்னும் ஆய்வாளர் இம்முயற்சியைத் தொடங்கினார். காலப்போக்கில் 75 வயதும் அதற்கு மேலுமான 678 சகோதரிகள் இதில் இணைந்தனர். உயிரோடிருக்கும்வரை தம் நினைவாற்றலைக் காலத்துக்குக் காலம் சோதிக்க இசைந்தனர். இறந்தபின் தம் மூளையையும் ஆய்வுக்கு அளிக்க ஒப்புக்கொண்டனர். பல்லாண்டு ஏறத்தாழ ஒரே உணவும் ஒரே பராமரிப்பும் பெற்றவர்களாதலால், அவர்களிடையே தோன்றிய வேறுபாடுகளைத் தெளிவாக ஒப்புநோக்க முடிந்தது.

அவர்களுள் ஒருவரான சகோதரி மேரி 101 வயதில் இறையடி சேர்ந்தார். இறுதிவரை அவரது நினைவாற்றல் சோதனைகளில் சிறந்தே விளங்கியது. ஆனால் அவரது மூளையை ஆராய்ந்தபோது அல்ஸைமர் நோய்க்குரிய படிவுகளும் சிக்கல்களும் ஏராளமாகக் காணப்பட்டன! மூளையில் நோய் இருந்தும் வாழ்வில் அது வெளிப்படவில்லை. வேறு சில சகோதரிகளிடம் நோய்க்குறிகளோடு மூளையின் சிறு குருதிக்குழாய் அடைப்புகளும் சேர்ந்திருந்தன. அத்தகையோர் பெரும்பாலும் மறதிநோய்க்கு ஆளாயினர் என 1997இல் வெளியான முடிவு காட்டிற்று. ஆகவே இரத்த அழுத்தமும் நீரிழிவும் இதயத்துக்கு மட்டுமுரிய கவலைகள் அல்ல. கருவாடும் ஊறுகாயும் இன்றிச் சோறு இறங்காத நம் வீடுகள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

சகோதரிகள் இளமையில், சராசரி 22 வயதில், எழுதிய தன்வரலாறுகளும் ஆராயப்பட்டன. கருத்துச் செறிவோடு எழுதியவர்களிடம் முதுமையில் மறதிநோய் குறைவாயிருந்தது. மகிழ்வும் நன்றியும் மிகுந்த எழுத்தாளர்கள் நீண்டகாலம் வாழ்ந்தனர் என 2001இல் வெளியான ஆய்வு கூறிற்று. இதைக் காட்டி, செபித்தால் மறதிநோய் வராது என்று பிரசங்கிப்போரும் உளர். ஆய்வு அப்படிச் சொல்லவில்லை. செபித்து வாழ்ந்த அச்சகோதரிகளிலும் பலர் நினைவிழந்தனர். உங்கள் வீட்டு அம்மம்மா உங்கள் பெயரை மறந்தால் அது பாவத்தின் தண்டனையன்று. அயலவருக்குத் தெரியாமல் மறைக்கவேண்டிய வெட்கமுமன்று. அது நோய், வைத்தியரிடம் கொண்டுசெல்லவேண்டியது.

'லான்செற்' மருத்துவ இதழின் அறிஞர் குழு 2024இல் வெளியிட்ட அறிக்கை, மாற்றக்கூடிய 14 காரணிகளைச் சுட்டுகிறது. அவை யாவும் நீங்கினால் மறதிநோயில் ஏறத்தாழ 45 வீதத்தைத் தடுக்கவோ பிற்போடவோ கூடும் என்பது அதன் கணிப்பு. புகைத்தல், மது, உடலுழைப்பின்மை ஆகியவற்றை நீங்களே ஊகிப்பீர்கள். செவிப்புலன் குன்றலும் தனிமையும் அதில் உள்ளன என்பதே நம் குடும்பங்களைத் தொடுகிறது. காது மந்தமான அப்பப்பாவிடம் இருமுறை சொல்லிப் பார்க்கிறோம். மூன்றாம் முறை, "ஒன்றுமில்லை, விடுங்கோ" என்கிறோம். நாளடைவில் அவரும் கேட்பதை விட்டுவிடுகிறார். செவிச் சோதனைக்கு அழைத்துச்செல்லும் எண்ணம் எவருக்கும் வருவதில்லை.

இன்னொன்றும் உண்டு. அன்பினாலேயே நாம் முதியோரின் வேலைகளைப் பறித்துவிடுகிறோம். "நீங்கள் பேசாமல் இருங்கோ ஆச்சி, நாங்கள் செய்வம்." கீரை ஆய்வதும், கோழிக்குத் தீனி போடுவதும், கணக்குப் பார்ப்பதும் ஒவ்வொன்றாக அவர் கையைவிட்டுப் போகின்றன. கனடாவிலுள்ள மகன் பணம் அனுப்புகிறான். ஆச்சிக்கு நாற்காலி மிஞ்சுகிறது. லூக்கா நற்செய்தியில் வரும் 84 வயது அன்னாவை நினைத்துப்பாருங்கள். கைம்பெண், முதியவர், ஆயினும் ஆலயத்தில் அவருக்கென ஓர் இடமிருந்தது. குழந்தை இயேசுவைப்பற்றி அவர் பேசினார். கேட்கவும் ஆட்கள் இருந்தனர்.

திருத்தந்தை பிரான்சிஸ் 2021இல் ஏற்படுத்திய தாத்தா பாட்டியர், முதியோர் உலக நாள் யூலை நான்காம் ஞாயிறன்று வருகிறது. அதுவரை காத்திராமல், இன்றைய குடும்பச் செபமாலையில் ஒரு பத்துமணியை ஆச்சியிடம் கொடுங்கள். பிள்ளைகளின் பெயரை மறந்த முதியோரும் மங்கள வார்த்தைச் செபத்தைத் தடையின்றிச் சொல்வதை நோயாளரைச் சந்திக்கும் குருக்கள் அறிவர். எண்ணிக்கை பிசகி, பத்து பன்னிரண்டானாலும் திருத்தாதீர்கள்.