ஐடிலும் க்ரூஸும் சேர்ந்து கெட்டால்

சிக்னலில் நிற்கும்போது ஆர்பிஎம் ஏறி இறங்குது. அதே வாரத்துல க்ரூஸ் கன்ட்ரோலும் பிடிக்க மாட்டேங்குது. இதை ரெண்டு நோயா எடுத்துக்கிட்டு ரெண்டு சென்சார் மாத்துறது சாதாரணமா நடக்குது. முதல்ல காரணம் ஒண்ணுதானான்னு பார்க்கணும்.

1998ல் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் திருவள்ளூர் ஆலையில் மிட்சுபிஷி லான்சரைத் தயாரிக்க ஆரம்பிச்ச காலத்துல, ஆக்சிலரேட்டர் பெடலுக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு கேபிள் இருந்தது. அந்தத் தலைமுறை கார்கள்ல ஐடிலுக்குத் தனியா ஒரு சின்ன காற்று வால்வு. க்ரூஸ் இருந்தா, கேபிளை இழுக்க இன்னொரு கருவி. ஒண்ணு கெட்டா மற்றது தன் பாட்டுக்கு ஓடும். இப்போ பெரும்பாலான பெட்ரோல் கார்களில் கேபிளே கிடையாது. இசியு ஒரு மோட்டார் மூலமா த்ராட்டில் தட்டைத் திறந்து மூடுது. ஐடிலில் 750 ஆர்பிஎம்மில் நிறுத்துவதும், ஹைவேயில 90ல் பிடிச்சு வைப்பதும் அதே தட்டுதான். தட்டின் நிலையைச் சொல்லும் சென்சார் மேல சந்தேகம் வந்தா, இசியு உடனே க்ரூஸைப் பறிச்சுடும். அது சரியும்கூட.

2013 ஏப்ரலிலிருந்து இங்கே ஓபிடி-2 கட்டாயம். ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள சாக்கெட்டில் ப்ளூடூத் டாங்கிள் செருகி போன்லயே படிக்கலாம். ஆனா பலர் எரர் கோடைப் பார்த்ததோட நிறுத்திடறாங்க. கலவையில் பெட்ரோல் குறைவுன்னு பி0171 வந்தா ஆக்சிஜன் சென்சாரை மாத்துவாங்க. அது பாவம், சேதி சொன்ன ஆள். (எரர் காட்டின வரியிலேயே பக் இருக்கும்னு நம்புற புது புரோகிராமர் மாதிரி.)

கோடை விட லைவ் டேட்டா பயன்படும். காலையில, வண்டி குளிர்ந்திருக்கும்போது, சாவியை மட்டும் ஆன் பண்ணுங்க. கூலன்ட் வெப்பமும் உள்ளே வரும் காற்றின் வெப்பமும் ஏறக்குறைய ஒண்ணா இருக்கணும். கூலன்ட் மட்டும் மைனஸ் 40 காட்டினா ஒயர் அறுந்திருக்கும், இல்லை கனெக்டர் கழன்றிருக்கும். மேப் சென்சார் 100 கிலோபாஸ்கல் பக்கம் காட்டணும். கும்மிடிப்பூண்டி கிட்டத்தட்ட கடல் மட்டம்தானே. அப்புறம் ஸ்டார்ட் பண்ணி, நல்லா சூடானதும் ஃபியூல் ட்ரிம் பாருங்க. ஏர்ஃப்ளோ சென்சார் உள்ள வண்டியில், ஐடிலில் +20 சதவீதம் இருந்து 2500 ஆர்பிஎம்மில் பூஜ்யத்துக்கு இறங்கினா, எங்கேயோ வேக்குவம் ஹோஸ் விரிஞ்சிருக்கு. மேப் மட்டும் உள்ள வண்டியில அதே விரிசல் பெரும்பாலும் ஐடிலை ஏத்திவிடும்.

வீல் பேரிங் மாத்தின பிறகு க்ரூஸும் ஏபிஎஸ்ஸும் சேர்ந்து போச்சுன்னா, த்ராட்டிலைத் தொடவே வேண்டாம். பல பேரிங்குகளில் ஒரு பக்கம் மட்டும் காந்த வளையம் இருக்கும். திருப்பி அடிச்சிருந்தா அந்தச் சக்கரத்தோட வேகமே வராது.

ஐடில் ஒழுங்கா இருந்து க்ரூஸ் மட்டும் பிடிக்கலைன்னா, பெடலுக்கு மேலே உள்ள பிரேக் ஸ்விட்சைப் பாருங்க. கோடு வந்தா பி0571ஆ இருக்கலாம், வராமலும் இருக்கலாம். பல வண்டிகளில் பின்பக்க பிரேக் விளக்கை எரிய வைப்பதும் அதே ஸ்விட்ச்தான். கொல்கத்தா ஹைவேயில, ராத்திரி, பின்னால கன்டெய்னர் லாரி வரும்போது உங்க பிரேக் விளக்கு எரியலைன்னா என்ன ஆகும்னு யோசிங்க. க்ரூஸ் இல்லாம ஓட்டிக்கலாம்னு தள்ளிப் போடுறவங்க இதை மட்டுமாவது செய்யுங்க: இருட்டினதும் வண்டியைச் சுவரை ஒட்டி ரிவர்ஸ்ல நிறுத்தி, பெடலை மெதுவா அழுத்தி, சுவர்ல சிவப்பு விழுதான்னு கண்ணாடியில பாருங்க. பத்து தடவை அழுத்துங்க. பத்து தடவையும் விழணும்.