இருட்டைக் காட்டச் சொல்லுங்கள்

டிவி கடைச் சுவரில் வரிசையாகத் தொங்கும் திரைகளைக் கொஞ்சம் கவனியுங்கள். பஞ்சவர்ணக்கிளி பறக்கும், பவளப்பாறையில் மீன் நீந்தும், யாரோ ஆரஞ்சுப் பழத்தைப் பிளப்பார்கள். இரவுக் காட்சி மட்டும் வரவே வராது. காரணம் இருக்கிறது. வெளிச்சத்தை எந்தத் திரையும் காட்டிவிடும். இருட்டில்தான் குட்டு உடையும்.

முதுகு பெருத்த பழைய டப்பா டிவிக்கு இந்தத் தொல்லை குறைவு. 1897இல் ஜெர்மனியின் கார்ல் ஃபெர்டினாண்ட் பிரௌன் செய்த கேத்தோடு கதிர்க் குழாய்தான் அதன் மூதாதை. பிக்சர் டியூபின் பின்பக்கத்திலிருந்து எலெக்ட்ரான் கற்றை பாய்ந்து வந்து, முன்கண்ணாடியின் உட்புறம் பூசியிருக்கும் பாஸ்பரில் மோதும். மோதிய இடம் ஒளிரும். கறுப்பு வேண்டிய இடத்தில் கற்றையை அடக்கினால் போதும். 2006க்குப் பிறகு தமிழ்நாட்டு அரசு வீடு வீடாகக் கொடுத்த 14 அங்குலப் பெட்டியும் இந்த வகைதான். தூக்கியவர்களுக்கு அதன் கனம் மறந்திருக்காது.

தட்டையான எல்சிடி வந்தபோது கதை தலைகீழானது. அதில் பின்விளக்கு எப்போதும் எரிந்துகொண்டே இருக்கும். படம் என்பது அந்த விளக்கின் முன்னால் திறந்து மூடும் குட்டிக் கதவுகளின் வேலை. ஒளியை ஒரே திசை அதிர்வில் மட்டும் அனுமதிக்கும் இரண்டு தாள்களைக் குறுக்கும் நெடுக்குமாக வைத்தால் வெளிச்சம் கடக்காது. நடுவே திரவப் படிகத்தை வைத்தால், முறுக்கிய கயிறு போல நிற்கும் அதன் மூலக்கூறுகள் ஒளியைத் திருப்பி வெளியே விட்டுவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் முறுக்கு அவிழும், கதவு அடையும். தொடக்க கால எல்சிடியின் சூத்திரம் இது. பிறகு வந்தவை மூலக்கூறுகளைச் சாய்க்கும் விதத்தில் வேறுபடுகின்றன. முழு எச்டி திரையில் 20,73,600 புள்ளிகள். ஒவ்வொன்றிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று கதவுகள். ஆக, 62 லட்சத்துக்கு மேல்.

இந்தத் திரவப் படிகத்தை முதலில் பார்த்தவர் ஒரு தாவரவியலாளர் என்பது வேடிக்கை. 1888இல் பிராகில் ஃபிரீட்ரிக் ரைனிட்ஸர் ஒரு கொலஸ்டிரால் சேர்மத்தைச் சூடாக்கினார். 145.5 டிகிரி செல்சியஸில் அது கலங்கலாக உருகியது, 178.5இல் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரண்டு உருகுநிலையா என்று குழம்பிப் போனார். நம் பக்கத்துக் கதையும் ஒன்று உண்டு. குச்சி வடிவ மூலக்கூறுகள்தான் திரவப் படிகமாகும் என்று உலகம் நம்பியிருந்தபோது, தட்டு வடிவ மூலக்கூறுகளாலும் முடியும் என்று 1977இல் காட்டியவர்கள் பெங்களூரு ராமன் ஆய்வு நிறுவனத்தின் எஸ்.சந்திரசேகரும் அவர் குழுவினரும். சி.வி.ராமனின் சகோதரி மகன் இவர். நோபல் பெற்ற சந்திரசேகர் வேறு. அவர் ராமனின் அண்ணன் மகன். பக்கவாட்டில் பார்த்தால் வெளிறிப்போகும் எல்சிடியின் நோயைத் தணிக்க, பிற்காலத்தில் இந்தத் தட்டு மூலக்கூறுகளால் ஆன படலத்தையே திரையில் ஒட்டினார்கள்.

கதவு எவ்வளவு இறுக்கமாக மூடினாலும் இடுக்கில் வெளிச்சம் கசியும். இரவில் விளக்கணைத்துப் படம் பார்க்கும்போது மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டை சாம்பல் பூத்துத் தெரிவது அதனால்தான்.

‘எல்இடி டிவி’ என்று விற்பதும் எல்சிடியே. பின்விளக்கு மட்டும் குழல் விளக்கிலிருந்து எல்இடிக்கு மாறியது. பழுது பார்ப்பவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சத்தம் வருகிறது, படம் இல்லை என்றால் திரைக்கு மிக அருகில் டார்ச் அடித்துப் பார்ப்பார்கள். மங்கலாக உருவம் தெரிந்தால் பேனல் பிழைத்தது, பேக்லைட்தான் போயிருக்கிறது. க்யூஎல்இடியும் பெரும்பாலும் இதே குடும்பம். நீல ஒளியைத் தூய சிவப்பாகவும் பச்சையாகவும் மாற்றும் குவாண்டம் புள்ளிகள் கொண்ட படலம் அதில் கூடுதல். இந்தப் புள்ளிகளுக்கு 2023இல் வேதியியல் நோபல் கிடைத்தது. நிறம் அற்புதம், கறுப்பு அதே கறுப்பு. மினி எல்இடி வகையில் பின்விளக்கைப் பல பகுதிகளாகப் பிரித்து, இருண்ட பகுதியை மட்டும் மங்கலாக்குகிறார்கள். ஆனாலும் நிலவைச் சுற்றி ஒரு மூட்டம் தெரியும்.

ஓஎல்இடிக்குப் பின்விளக்கே கிடையாது. கோடக் நிறுவனத்தில் சிங் டாங், ஸ்டீவன் வான் ஸ்லைக் இருவரும் 1987இல் வெளியிட்ட ஆய்விலிருந்து வளர்ந்தது இது. ஒவ்வொரு புள்ளியும் தானே எரியும், தானே அணையும். கறுப்பு என்றால் நிஜமாகவே அணைந்த கறுப்பு. குறை இதன் ஆயுளில் இருக்கிறது. கரிமப் பொருள்கள் மெல்லத் தேய்கின்றன, அதிலும் நீலம் முந்திக்கொள்ளும். காலை முதல் இரவு வரை ஒரே செய்தி சேனல் ஓடும் வீட்டில் மூலையிலிருக்கும் சின்னம் திரையில் தழும்பாகப் பதியலாம். பகல் வெளிச்சம் நிறைந்த கூடத்தில் செய்தியும் கிரிக்கெட்டும் பார்ப்பவர்கள் இதற்குக் கூடுதல் பணம் கொடுக்க வேண்டியதில்லை என்பேன்.

போன வாரம் நண்பருக்காகக் கடைக்குப் போனபோது, பென் டிரைவில் ஓர் இரவுக் காட்சியை எடுத்துப் போயிருந்தேன். விற்பனைப் பையன் தயங்கிப் போட்டுக் காட்டினார். கடையின் நூறு விளக்குகள் திரையில் பிரதிபலித்தனவே தவிர, இரவு தெரியவில்லை. “லைட்டை ஆஃப் பண்ண முடியாது சார், மேனேஜர் திட்டுவார்” என்றார். இரண்டு கைகளையும் குவித்துத் திரையின் கறுப்பு மூலையில் வைத்து, இடுக்கு வழியாக எட்டிப் பார்த்தேன். சாம்பல் நிறம். பக்கத்துத் திரையில் நண்பர் அதையே செய்து பார்த்துவிட்டு, “இது ஆஃபாகிடுச்சு போல” என்றார். ஓடிக்கொண்டுதான் இருந்தது.