சிறகைவிட முக்கியம் முகம்

மூன்று நாள் விடாத மழை. வீட்டுக்குள் புகுந்த நண்டுகளை அடித்துக் கடலில் எறிந்துவிட்டு வரும் பெலாயோ, முற்றத்துச் சேற்றில் ஒரு கிழவர் குப்புறக் கிடப்பதைப் பார்க்கிறான். கிழவருக்குப் பெரிய சிறகுகள். கொலம்பிய எழுத்தாளர் காப்ரியேல் கார்சியா மார்க்கேஸ் 1968-இல் எழுதிய சிறுகதை இப்படித் தொடங்குகிறது. நடக்கமுடியாததை அன்றாட நிகழ்வுபோலச் சொல்லும் மாய யதார்த்தத்தை நாடக வகுப்பில் நடித்துப் பார்க்க இதைவிட வாகான கதை எனக்குத் தெரியவில்லை.

மாணவர்களிடம் கொடுத்தால், சிறகை எதில் செய்வது என்றுதான் முதலில் கேட்பார்கள். அந்தக் கேள்வியை ஓரமாக வைக்கலாம். கதையில் ஊரார் என்ன செய்கிறார்கள் என்று பாருங்கள். கிழவரைக் கோழிக்கூண்டில் அடைக்கிறார்கள். பாதிரியாருக்கு, இவருக்கு லத்தீன் தெரியவில்லையே என்று சந்தேகம். வீட்டுக்காரி எலிசெந்தா ஆளுக்கு ஐந்து சென்டாவோ கட்டணம் வசூலிக்கிறாள். சோதித்துப் பார்த்த மருத்துவரோ, சிறகு உடம்போடு இவ்வளவு இயல்பாகப் பொருந்தியிருக்க, மற்ற மனிதர்களுக்கு ஏன் இல்லை என்று யோசிக்கிறார். இப்படியும் உண்டா என்று யாரும் மலைத்து நின்றுவிடவில்லை.

இதையே வகுப்பில் செய்து பார்க்கலாம். சிறகே இல்லாமல் ஒரு மாணவர் கிழவராக மூலையில் உட்காரட்டும். மற்றவர்கள் நாற்றத்துக்கு மூக்கைப் பொத்தட்டும், கட்டணத்துக்குப் பேரம் பேசட்டும். பிறகு அதே காட்சியை எல்லோரும் வாயைப் பிளந்து அலறி நடிக்கட்டும். முதல் தடவை சிறகு இருப்பதாகத் தோன்றும். இரண்டாம் தடவை பேய்ப்படம் ஆகிவிடும்.

ஏன்? 1985-இல் அமெரிக்க உளவியலாளர்கள் வெளியிட்ட ஒரு சோதனை இங்கே உதவும். கண்ணாடி மேசையின் ஒரு பாதியில் அடித்தளம் சற்றே தாழ்ந்து பள்ளம்போலத் தெரியும். ஒரு வயதுக் குழந்தை விளிம்புவரை தவழ்ந்து வந்து தயங்கி, எதிரே நிற்கும் அம்மாவின் முகத்தைப் பார்க்கும். அம்மா மகிழ்ச்சி காட்டியபோது 19 குழந்தைகளில் 14 பேர் கடந்தார்கள். பயம் காட்டியபோது 17 பேரில் ஒருவர்கூடக் கடக்கவில்லை.

பார்வையாளர்கள் கைக்குழந்தைகள் அல்ல, இந்தச் சோதனை நாடகத்துக்காகச் செய்யப்பட்டதும் அல்ல. ஆனாலும் குழப்பமான ஒன்றைக் கண்டால் பக்கத்திலிருப்பவர் முகத்தைப் படிக்கும் பழக்கம் நம்மை விட்டுப் போவதில்லை. மேடையில் அந்த முகம் நடிகருடையது. மார்க்கேஸ் தன் பாட்டியிடம் கற்றதும் இதைத்தான்: நம்பமுடியாத கதைகளைப் பாட்டி முகம் மாறாமல் சொல்வாராம்.

1967-இல் வந்த 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நாவலில், துணி மடிக்கும்போது பேரழகி ரெமேதியோஸ் படுக்கை விரிப்புகளோடு வானத்தில் ஏறிப் போய்விடுகிறாள். அவளை எப்படி மேலே அனுப்புவது என்று மார்க்கேஸ் திணறியிருக்கிறார். வீட்டில் துணி வெளுக்க வந்த பெண் காற்றோடு மல்லுக்கட்டி விரிப்புகளைக் காயப்போட்டதைப் பார்த்தபிறகே வழி கிடைத்ததாம். வகுப்பில் இதற்கு இரண்டு போர்வைகளும் நான்கு கைகளும் போதும். ஆனால் திறமையான மாணவரை ரெமேதியோஸுக்குப் போட்டு வீணாக்கக் கூடாது. அவருக்கு உரியது அதே நாவலில் வரும் ஃபெர்னாண்டாவின் வேடம்: ஒருத்தி விண்ணேறியதைக் கண்ணால் கண்டபின்பும், போன விரிப்புகளைத் திருப்பி அனுப்பும்படி வெகுநாள் கடவுளிடம் கேட்டுக்கொண்டிருப்பவள் அவள்தான்.