எத்தனை கிலோ மீனுக்கு எத்தனை கிலோ ஐஸ்?

கரையிலே மீன் விலையைத் தீர்மானிப்பவர் யார்? வாங்குபவரா, விற்பவரா? பெரும்பாலான இடங்களில் அதைத் தீர்மானிப்பது நேரமே. காலை ஆறு மணிக்கு வள்ளத்திலிருந்து இறங்கிய மீன் வெயில் ஏற ஏறத் தன் மதிப்பை இழக்கின்றது. இது வியாபாரிக்கும் தெரியும், தொழிலாளிக்கும் தெரியும். ஆகவே "இந்த விலைக்குத் தராவிட்டால் வைத்துக்கொள்" என்று ஒருவர் சொல்லும்போது மற்றவரிடம் பதில் இருப்பதில்லை. ஐஸ் உள்ளவர் மட்டுமே "சரி, வைத்துக்கொள்கிறேன்" என்று சொல்லலாம்.

எமது கரையோரங்களில் ஐஸ் வாங்காதவர்கள் குறைவு. ஆனால் கணக்குப் பார்த்து வாங்குபவர்கள் அதைவிடக் குறைவு. "வழக்கமாக ஒரு கட்டி, மீன் கூடினால் இரண்டு" என்பதே பலருடைய அளவு. இதனால் ஒருநாள் ஐஸ் வீணாகின்றது. மறுநாள் மீன் வீணாகின்றது. ஒரு தராசும் ஒரு அளவுநாடாவும் இருந்தால் பத்து நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது. அதனை இங்கு படிப்படியாகப் பார்ப்போம்.

மீன் ஏன் கெடுகின்றது?

மீனின் செதிலிலும் செவுளிலும் குடலிலும் உள்ள நுண்ணுயிர்கள் சூட்டிலே மிக விரைவாகப் பெருகுகின்றன. 0 பாகை செல்சியஸில் மீன் கெடும் வேகத்தைப் போல், 10 பாகையில் ஏறத்தாழ நான்கு மடங்கு வேகத்தில் அது கெடும். எமது பகற்சூடான 30 பாகையில் மீன் ஒரு நாளைக்குக்கூடத் தாக்குப்பிடிக்காது. நல்ல முறையில் ஐஸில் வைத்த அதே மீனை ஒரு வாரத்துக்கு மேலாகவும் உண்ணத்தக்கதாக வைத்திருக்கலாம்.

சூரை, கும்பளா போன்ற மீன்களில் இன்னோர் ஆபத்தும் உண்டு. சூட்டில் கிடந்தால் இவற்றின் தசையில் ஹிஸ்ரமின் என்னும் பொருள் உண்டாகும். முகம் சிவத்தல், அரிப்பு, தலையிடி, வாந்தி என்பன இதனால் வரும். ஒருமுறை உண்டான ஹிஸ்ரமினைச் சமைத்து நீக்க முடியாது. பின்னர் ஐஸில் இட்டாலும் அது போகாது. எனவே ஐஸ் மீனைத் தொடவேண்டியது பிடித்த சில நிமிடங்களிலாகும். கரைக்கு வந்த பின் அல்ல.

ஐஸ் செய்யும் வேலை

ஒரு கிலோ ஐஸ் உருகி ஒரு கிலோ தண்ணீராகும்போது 80 கிலோகலோரி வெப்பத்தை உறிஞ்சுகின்றது. நாம் ஐஸ் தொழிற்சாலையில் பணம் கொடுத்து வாங்குவது இந்த 80 கிலோகலோரியைத்தான். அது மூன்று வழிகளில் செலவாகின்றது.

முதலாவது, மீனைக் குளிராக்குவதற்கு. 30 பாகைச் சூட்டில் உள்ள 10 கிலோ மீனை 0 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 3.4 கிலோ ஐஸ் உருகும். அதாவது மீனின் நிறையில் மூன்றில் ஒரு பங்கு. இது எவராலும் தவிர்க்க முடியாத செலவு.

இரண்டாவது, பெட்டியின் சுவர் வழியே உள்ளே வரும் சூட்டுக்கு. இங்கேதான் எமது ஐஸின் பெரும்பகுதி காணாமற் போகின்றது. ஓர் அங்குலத் தடிப்புள்ள ரெஜிபோம் சுவரின் ஒவ்வொரு சதுர மீற்றரும், நிழலில் இருந்தாலும், மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ அரைக் கிலோ ஐஸை உருக்கும். தடிப்பு இரண்டு அங்குலமானால் இது பாதியாகும். ரெஜிபோம் இல்லாத வெறும் பிளாஸ்ரிக் பெட்டியிலோ மரப்பெட்டியிலோ இதைவிடப் பல மடங்கு உருகும்.

மூன்றாவது, மூடியைத் திறப்பது, வெயில் படுவது, உடைக்கும்போது சிதறுவது போன்ற இழப்புகளுக்கு. முதல் இரண்டையும் கூட்டி வரும் தொகையில் நாலில் ஒரு பங்கை இதற்கென ஒதுக்கலாம்.

ஓர் உதாரணம்

ஒரு பைபர் படகு மாலை நான்கு மணிக்குப் புறப்பட்டு மறுநாள் காலை ஆறு மணிக்குக் கரை சேர்கின்றது. எதிர்பார்க்கும் மீன் 40 கிலோ. அந்த மீன் அதே பெட்டியில் லொறியேறி மாலை நான்கு மணிக்குச் சந்தையை அடைகின்றது என்று வைத்துக்கொள்வோம். ஆக மொத்தம் 24 மணித்தியாலம். மீன் அகப்படுமுன்பே பெட்டியில் ஐஸ் உருகத் தொடங்கிவிடுகின்றது. எனவே புறப்படும் நேரத்திலிருந்தே எண்ணவேண்டும்.

பெட்டியின் நீளம் 80, அகலம் 50, உயரம் 40 சென்ரிமீற்றர். அதன் ஆறு பக்கங்களையும் கூட்டினால் ஏறத்தாழ 1.84 சதுர மீற்றர் வரும். சுவர்த் தடிப்பு இரண்டு அங்குலம்.

மீனைக் குளிராக்க: 13.5 கிலோ.
சுவர் வழியே 24 மணித்தியாலத்தில்: 11 கிலோ.
ஏனைய இழப்பு, நாலில் ஒரு பங்கு: 6 கிலோ.
சந்தையில் மூடியைத் திறக்கும்போது எஞ்சியிருக்க வேண்டியது: 7 கிலோ.
மொத்தம்: ஏறத்தாழ 38 கிலோ.

கடைசி வரியைச் சிலர் வீண் என்று நினைக்கலாம். அப்படியல்ல. எல்லா ஐஸும் உருகி முடிந்த கணத்திலிருந்து மீன் மீண்டும் சூடேறத் தொடங்கும். மீனுக்கிடையில் ஐஸ் கண்ணுக்குத் தெரியும்வரைதான் அது பாதுகாப்பாக உள்ளது.

40 கிலோ மீனுக்கு 38 கிலோ ஐஸ். வெப்பநாடுகளில் "ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ்" என்று பொதுவாகச் சொல்லப்படும் விதியின் காரணம் இப்போது விளங்கும். ஆனால் அந்த விதி எல்லாருக்கும் எப்போதும் பொருந்தாது. மேற்சொன்ன பெட்டியின் சுவர் ஓர் அங்குலமே என்றால் சுவர்ச் செலவு 22 கிலோவாகி, மொத்தம் 50 கிலோவைத் தாண்டும். ஒவ்வொரு பயணத்திலும் 13 கிலோவுக்கு மேல் அதிகம்! மாறாக, விடியற்காலையில் கட்டிய வலையை இழுத்துவந்து உடனே கரையில் விற்பவருக்கு மீனின் நிறையில் பாதியளவு ஐஸ் போதுமாகலாம்.

உங்கள் பெட்டியைச் சோதியுங்கள்

ஏட்டுக் கணக்கைவிட உங்கள் சொந்தப் பெட்டி சொல்லும் கணக்கே மேலானது. 10 கிலோ உடைத்த ஐஸை நிறுத்து வெறும் பெட்டியில் இட்டு மூடி, நிழலில் வையுங்கள். ஆறு மணித்தியாலத்தின் பின் தண்ணீரை வடித்துவிட்டு மீண்டும் நிறுங்கள். குறைந்த நிறையை ஆறால் வகுத்தால் உங்கள் பெட்டி ஒரு மணித்தியாலத்தில் உண்ணும் ஐஸின் அளவு கிடைக்கும். அந்த எண்ணைப் பெட்டியின் மேலேயே எழுதிவையுங்கள்.

தராசு இல்லாத இடத்தில் ஐஸ் கட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்ரிமீற்றரில் அளந்து பெருக்கி 1000 ஆல் வகுத்தால் லீற்றர் வரும். ஒரு லீற்றர் கட்டி ஐஸ் ஏறத்தாழ 920 கிராம். தொழிற்சாலையில் 50 கிலோ என்று வாங்கிய கட்டி, திறந்த லான்ட்மாஸ்டரில் வெயிலில் வந்தால் கரையில் 50 கிலோவாக இராது. ஈரச்சாக்கும் தார்ப்பாயும் சுற்றிக் கொண்டுவருவது அவசியம்.

அடுக்கும் முறை

கணக்குச் சரியாக இருந்தும் அடுக்கும் முறை பிழைத்தால் பயனில்லை. கட்டியை மீனின் மேல் அப்படியே வைப்பதால் அடியில் உள்ள மீன் குளிராது. கட்டியைப் புளியங்கொட்டை அளவுக்கு உடைக்கவேண்டும். ஆனால் உடைத்த ஐஸ் கட்டியை விட விரைவில் உருகுமாதலால், கட்டியாகவே கொண்டுசென்று தேவைக்கேற்ப உடைப்பது நல்லது.

பெட்டியின் அடியில் மூன்று விரற்கடை ஐஸ், அதன்மேல் ஒரு வரிசை மீன், பின் ஐஸ், பின் மீன். சுவரோரங்களிலும் மேற்பகுதியிலும் கூடுதலான ஐஸ் இடவேண்டும், ஏனெனில் சூடு அங்கிருந்தே வருகின்றது. உருகிய குளிர்நீர் மீன்களின் இடையே வழிந்து அடித்துளையால் வெளியேற வேண்டும். இரத்தமும் சேறும் கலந்த நீரில் மீன் ஊறக்கூடாது.

செலவா, இலாபமா?

ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் என்று கொண்டால் இலாப நட்டக் கணக்கும் எளிதாகின்றது. ஐஸில் வைத்த மீனுக்கும் வைக்காத மீனுக்கும் ஏலத்தில் ஒரு கிலோவுக்கு எத்தனை ரூபா வித்தியாசம் என்று பாருங்கள். ஒரு கிலோ ஐஸின் விலை அதைவிடக் குறைவாக இருக்கும்வரை ஐஸ் இலாபமே. விலை மலிந்த சூடை போன்ற மீன் மிதமிஞ்சிப் பட்ட நாளில் கருவாடு போடுவது சிறந்த முடிவாகலாம். அதையும் இக்கணக்கே சொல்லும்.

ஐஸ் எப்போதும் கிடைக்கும் என்று நம்பியிருக்கவும் முடியாது. 1990 இல் போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணக் குடாநாடு ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. 2022 மார்ச் இறுதியில் நாடெங்கும் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிகழ்ந்தது. அத்தகைய காலங்களில் கிடைக்கும் சிறிதளவு ஐஸை எவ்வளவு மீனுக்குப் பங்கிடலாம் என்று அறிந்திருப்பது மிகவும் உதவும். நூறு கிலோ மீனுக்கு அரைகுறையாக இட்டு முழுவதையும் கெடுப்பதைவிட, விலைகூடிய முப்பது கிலோவை முழுமையாகக் காப்பது மேல்.

கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்கள் இதில் முன்னிற்கலாம். ஒவ்வொரு படகும் கொண்டுசென்ற ஐஸ், பட்ட மீன், திரும்பியபோது எஞ்சிய ஐஸ், விற்ற விலை என்னும் நான்கையும் ஒரு கொப்பியில் பத்துப் பயணங்களுக்கு எழுதிவந்தால் ஒவ்வொருவரின் தேவையும் தெரிந்துவிடும். பின் எல்லாரின் தேவையையும் கூட்டி ஒன்றாக வாங்கினால் ஏற்றுகூலியும் குறையும், விலை பேசவும் முடியும்.

கொண்டாட்டங்களுக்கும் இதே கணக்கு

திருமண வீட்டிலும் ஊர்த் திருவிழாவிலும் "எத்தனை கட்டி ஐஸ் எடுக்க?" என்ற கேள்வி எழும். ஒரு லீற்றர் பானத்தை 30 பாகையிலிருந்து 5 பாகைக்குக் குளிராக்க ஏறத்தாழ 310 கிராம் ஐஸ் வேண்டும். இங்கும் மூன்றில் ஒரு பங்கு என்றே கொள்ளலாம். 200 பேருக்கு ஆளுக்கு 200 மில்லிலீற்றர் கொண்ட இரண்டு கிளாஸ் என்றால் 80 லீற்றர். அதற்கு 25 கிலோ. திறந்த அண்டாவில் வைத்தால் காற்றுக்கும் சூட்டுக்கும் இன்னொரு 25 கிலோ சேர்க்கவேண்டும். அண்டாவைச் சாக்கால் சுற்றி மூடி நிழலில் வைத்தால் இந்த இரண்டாவது தொகையைக் குறைக்கலாம். போத்தல்களை ஐஸோடு சிறிது தண்ணீரும் விட்டு அமிழ்த்துங்கள். வெறும் ஐஸைவிட ஐஸ்நீர் போத்தலை எல்லாப் பக்கமும் தொடுவதால் விரைவில் குளிராகும்.

ஒரு விடயத்தில் மட்டும் மிகுந்த கவனம் தேவை. மீனுக்கென்று விற்கப்படும் ஐஸைப் போத்தலுக்கு வெளியே பயன்படுத்தலாம், சர்பத்துக்குள் போடக்கூடாது. உறைவதால் கிருமிகள் எல்லாம் சாவதில்லை. வயிற்றோட்டமும் நெருப்புக் காய்ச்சலும் ஐஸ் வழியாகவும் பரவும். குடிக்கும் கிளாஸில் இடும் ஐஸ், கொதித்தாறிய நீரில் அல்லது நம்பகமான குடிநீரில் செய்ததாக இருக்கவேண்டும். அதனைத் தனிப் பாத்திரத்தில் வைத்து, கையால் அள்ளாமல் கரண்டியால் எடுத்துப் பரிமாறுங்கள்.