அப்பா கேட்ட கேள்வி

சிலர் கண்ணால் படிப்பவர், சிலர் காதால் படிப்பவர் என்பார்கள். நான் எந்த வகை என்று தேடியே ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸ் பாடத்தில் அரியர் வாங்கினேன். அந்த வகைப்படி படித்தால் கூடுதலாகப் பதியும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று உளவியலாளர் ஹெரால்ட் பாஷ்லர் குழுவினர் 2008-இலேயே எழுதிவிட்டார்கள்!

அப்பா கொத்தனார். நான் சத்தம்போட்டு வாசிப்பதைக் கேட்டு, "பீமுக்கு மெயின் கம்பிய எதுக்கு மக்கா அடியில போடுதோம்?" என்றார். பாரத்தில் பீம் தொய்யும்போது மேல்பக்கம் நெருங்கும், அடிப்பக்கம் இழுபடும். கான்கிரீட் நெருக்கத்தைத் தாங்கும், இழுப்பில் விரிசல் விடும். இவ்வளவும் கடகடவென்று சொன்னேன்.

"அப்பம் சன்ஷேடுக்கு மட்டும் மேல போடுதோமே?"

பதில் வரவில்லை. நாலு தடவை வாசித்த பாடம்தான். நோட்டைப் புரட்டினேன்: ஒரு பக்கம் மட்டுமே பிடிமானம், மறுமுனை தொங்குவதால் இழுப்பு மேல்பக்கம்.

1789 முதல் சென்னை எழும்பூர் அநாதைப் பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல், பிள்ளைகளைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வைத்தார். 'மதராஸ் முறை' என்று அது இங்கிலாந்து வரை போனது. சொல்லிக்கொடுப்பவனுக்கும் பாடம் பதியும் அல்லவா!

இப்போது ராத்திரி சாப்பாட்டுக்குப் பின் நோட்டை மூடிவைத்து அப்பாவிடம் சொல்கிறேன். திக்கிய இடத்தை மட்டும் மறுபடி வாசிப்பேன். அரியர் போய்விட்டது. அடுத்தது சர்வே பாடம். அதில் அப்பா இன்னும் கேட்க ஆரம்பிக்கவில்லை.