உங்களுக்குத் தெரியுமா? பனியன் மிஷினில் ஊசி 2,260... கம்ப்யூட்டரில் மெமரி 2,048!

அவிநாசி வட்டாரத்தில் ஏதாவது ஒரு நிட்டிங் கம்பெனிக்குள் எட்டிப் பாருங்கள். 30 இஞ்ச், 24 கேஜ் சர்க்குலர் மிஷின் கண்ணில் படாமல் போகாது. அந்த ஒற்றை மிஷினில் எத்தனை ஊசி தெரியுமா? சுமார் 2,260!

இருக்கட்டும். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டிய முதல் முழு அளவு எலெக்ட்ரானிக் கம்ப்யூட்டர் டிஃப்ராக். மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் 1960-இல் முறைப்படி ஓடத் தொடங்கியது. அதன் மெமரியில் எத்தனை அறைகள்? 2,048! நம்ம பனியன் மிஷின் எண்ணிக்கையிலேயே அதை முந்திவிட்டது!

அறைக்கு 40 பிட். அத்தனையும் கூட்டினால் 10 கிலோபைட். விடிந்ததும் வாட்ஸ்அப்பில் வந்து விழுகிறதே ரோஜாப்பூ ‘குட் மார்னிங்’, அதுகூட அதற்குள் அடங்காது!

அதைக் கட்டிய குழுவுக்குத் தலைவர் யார் என்கிறீர்கள்? ஆர். நரசிம்மன். சென்னையில் பிறந்தவர். கிண்டி பொறியியல் கல்லூரி மாணவர்!

‘அவிநாசி’ என்று எழுதுங்கள். எத்தனை எழுத்து? 4. அதையே கம்ப்யூட்டர் தன் மெமரியில் யூடிஎஃப்-8 முறையில் வைத்தால்? 21 பைட்! ஆங்கிலத்தில் எழுதினால் வெறும் 8!

இன்னும் கேளுங்கள். சி மொழியில் அந்த 21 போதாது. சொல் முடிந்தது என்று காட்ட ஒரு பூஜ்யம் வேண்டும். ஆக 22! அந்த ஒரே ஒரு பைட்டுக்கு இடம் ஒதுக்க மறந்ததால் விழுந்து போன சாஃப்ட்வேர்களுக்குக் கணக்கே கிடையாது!

‘திருப்பூர்’ எவ்வளவு? நானே எண்ணிப் பார்த்துவிட்டேன். 5 எழுத்து, 30 பைட்!

ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து உலகம் முழுக்க ஐபோன்களைப் படுக்க வைத்தது தெரியுமா? 2018 பிப்ரவரி. மெசேஜில் அந்த எழுத்து வந்தால் போதும், ஆப் அப்படியே மூடிக்கொள்ளும்! காரணம் மெமரிக் கோளாறு. ஆப்பிள் அவசர அவசரமாகப் புது அப்டேட் விட்டது. தமிழ் தப்பித்தது!

லினக்ஸ் கம்ப்யூட்டரிடம் ‘எனக்கு 1 பைட் இடம் கொடு’ என்று புரோகிராம் கேட்கிறது. எவ்வளவு எடுத்து வைக்கும்? 64 பிட் மிஷினில் குறைந்தது 32 பைட்! நாம் கட்டிங் வேஸ்ட்டைப் பார்த்துக் கவலைப்படுகிறோம்!

நிலவுக்குப் போன அப்பல்லோ கம்ப்யூட்டருக்கு வருவோம். அதில் அழித்து எழுதக்கூடிய மெமரி எவ்வளவு? அதுவும் அதே 2,048 அறை! நம்பவில்லை என்றால் இன்னொரு தடவை எண்ணுங்கள்!

புரோகிராம் இருந்தது வேறு இடத்தில். 36,864 அறை. அதை யாரும் டைப் அடித்து ஏற்றவில்லை. கையால் கோத்தார்கள்! கம்பி காந்த வளையத்துக்குள் நுழைந்து போனால் 1. வளையத்தை விட்டு விலகிப் போனால் 0!

கோத்தவர்கள் யார்? அமெரிக்காவின் வால்தம் நகரில் ரேதியான் தொழிற்சாலைப் பெண்கள். அவர்களில் பலர் துணி மில்லில் வேலை பார்த்துவிட்டு வந்தவர்கள்! நிலவுக்கு வழி சொன்ன புரோகிராமைக் கோத்தது துணித் தொழிலாளியின் விரல். நம்ம ஊரில் இதைப் பற்றி ஒரு போஸ்டர்கூட இல்லையே!

ஒரு மாட்யூலைக் கோத்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும். அதற்குப் பிறகு ஒரு பக் (பிழை) கண்டுபிடித்தால்? புரோகிராம் எழுதியவர் தலையில் கை வைக்க வேண்டியதுதான்!

1969 ஜூலை 20. ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்கிக்கொண்டிருக்கிறார்கள். திடீரென்று திரையில் 1202. அபாய மணி! அதற்கு என்ன அர்த்தம் தெரியுமா? ‘புது வேலைக்கு ஒதுக்க மெமரியில் இடம் இல்லை’ என்று அர்த்தம்! தேவையே இல்லாத ஒரு ரேடார் கம்ப்யூட்டரின் நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. வேலைகள் முடியாமல் குவிந்தன. குவிந்த வேலை ஒவ்வொன்றும் ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டது!

பிறகு 1201 வந்தது. அதுவும் இடப் பஞ்சம்தான். பெரிய கணக்குகளுக்கென்று தனியாக ஒதுக்கியிருந்தது வெறும் 5 இடம். ஒவ்வொன்றும் 44 அறை. ஐந்தும் காலி இல்லை!

இறங்கி முடிப்பதற்குள் மொத்தம் 5 முறை மணி அடித்தது. கம்ப்யூட்டர் என்ன செய்தது? முக்கியமில்லாத வேலைகளைத் தூக்கிக் கடாசிவிட்டு, இறங்கும் வேலையை மட்டும் வைத்துக்கொண்டு புதிதாகத் தொடங்கியது. ஒவ்வொரு முறையும்! ‘போகலாம்’ என்று தரையிலிருந்து முடிவு சொன்ன பொறியாளர் ஸ்டீவ் பேல்ஸுக்கு வயது 26. அவருக்குத் துணையாக எச்சரிக்கை எண்களைக் கையால் எழுதி வைத்திருந்த ஜாக் கார்மனுக்கு 24!

இப்படித் தூக்கிக் கடாசும் முறையை வடிவமைத்தவர் ஹால் லேனிங். அவரே நீல் சியர்லருடன் சேர்ந்து, இயற்கணிதச் சமன்பாடுகளை மிஷின் மொழிக்கு மாற்றும் கம்பைலரை எம்ஐடியில் 1954-க்குள் ஓட்டிக் காட்டிவிட்டார். ஐபிஎம்மின் ஃபோர்ட்ரான் வெளிவந்தது 1957-இல்தான்!

அந்த ஃபோர்ட்ரான் கம்பைலரை எழுத எவ்வளவு உழைப்பு? ஒரே ஆள் செய்திருந்தால் 18 ஆண்டு!

ஃபோர்ட்ரானை இந்தியாவுக்குச் சொல்லிக் கொடுத்த வாத்தியார் யார்? வி. ராஜாராமன். பிறந்தது நம்ம பக்கத்து ஈரோட்டில்! 1963-இல் கான்பூர் ஐஐடிக்கு ஐபிஎம் 1620 வந்து இறங்கியது. 1965-இல் அங்கே கம்ப்யூட்டர் அறிவியலுக்கு எம்.டெக். படிப்பைத் தொடங்கி வைத்தார்!

அந்த ஐபிஎம் 1620-இன் முதல் மாடலுக்கு ஒரு கூத்து உண்டு. அதற்குக் கூட்டவே தெரியாது! கூட்டல் வாய்ப்பாட்டை மெமரியின் 300-ஆம் அறையிலிருந்து 399-ஆம் அறை வரை எழுதி வைத்திருப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் கணக்குப் போடும். உங்கள் புரோகிராம் தவறிப்போய் அந்த அறைகளில் எதையாவது எழுதிவிட்டதா? போச்சு. இரண்டும் இரண்டும் ஐந்து!

கொழும்பில் 1934-இல் பிறந்த டோனி ஹோர் பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? 1960-களின் தொடக்கத்தில் எலியட் கம்ப்யூட்டருக்கு ஆல்கால் கம்பைலர் எழுதியவர். ஒவ்வொரு முறை மெமரி வரிசையைத் தொடும்போதும் ‘எல்லைக்குள்தான் இருக்கிறாயா?’ என்று சரிபார்க்கும் கட்டளையையும் கம்பைலரே சேர்த்துவிடும்! வேகம் குறைகிறதே, அதை நிறுத்த ஒரு வசதி வேண்டுமா என்று பிற்பாடு வாடிக்கையாளர்களைக் கேட்டார்கள். ஒருவர் விடாமல் ‘வேண்டவே வேண்டாம்’ என்றார்களாம்!

அதே ஹோர்தான் 1965-இல் ‘எங்கேயும் காட்டாத சுட்டி’ என்ற வசதியைக் கொண்டுவந்தார். 2009-இல் மேடை ஏறி அதற்கு அவரே விலையும் சொன்னார். 100 கோடி டாலர் தவறு!

எல்லை பார்க்காவிட்டால் என்ன ஆகும்? 1988 நவம்பர் 2. மோரிஸ் புழு இணையத்தில் ஊர்ந்தது. ஒரு புரோகிராம் ஒதுக்கி வைத்திருந்த இடம் 512 பைட். புழு அனுப்பியது 536. பிதுங்கி வழிந்த 24 பைட்டுக்குள் கம்ப்யூட்டரே கைமாறிவிட்டது! அதற்கு வாசலைத் திறந்துவிட்ட சி மொழிக் கட்டளை ‘கெட்ஸ்’. அதைத் தரநிலையிலிருந்து நீக்க எத்தனை ஆண்டு ஆனது? 23!

2014-இல் ஹார்ட்பிளீட். ‘நான் அனுப்பிய சொல்லைத் திருப்பி அனுப்பு’ என்று கேட்டால், பக்கத்து மெமரியையும் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. ஒரு தடவைக்கு 64 கிலோபைட் வரை! பாஸ்வேர்டு, ரகசியச் சாவி, எது கிடந்தாலும் சரி!

குரோம் பிரவுசரின் மோசமான பாதுகாப்புக் கோளாறுகளில் மெமரிச் சிக்கல் எவ்வளவு? சுமார் 70 சதவீதம்! 2020-இல் குரோமியம் குழுவே ஒப்புக்கொண்டது. மதுரையில் பிறந்த சுந்தர் பிச்சை பொறுப்பேற்று வளர்த்த அதே குரோம்தான்!

அதற்குக் கூகுளிலேயே ஒரு மருந்தும் தயாரானது. 2012-இல் கட்டுரையாக வெளிவந்த அட்ரஸ் சானிடைசர். கம்பைலர் உங்கள் புரோகிராமுக்குள் நைசாகக் காவல் கட்டளைகளைச் செருகிவிடும். 8 பைட்டுக்கு 1 பைட் என்று நிழல் கணக்கு எழுதும். ஒதுக்காத இடத்தைத் தொட்டால் அந்த விநாடியே பிடி! குரோமியத்தில் மட்டும் அகப்பட்ட, அதுவரை யாருக்கும் தெரியாத பக்குகள் 300-க்கு மேல்! வேகம் குறைவது சராசரி 73 சதவீதம். செக்கிங் டேபிள் போட்டால் லைன் கொஞ்சம் மெதுவாகத்தானே போகும்!

பக்கைத் தேட உதவும் டீபக்கர் எப்படி ஓடும் புரோகிராமை நடுவழியில் நிறுத்துகிறது? இன்டெல் சிப்பில் அதற்குத் தேவை ஒரே ஒரு பைட். நிறுத்த வேண்டிய இடத்தில் 204 என்ற எண்ணைச் செருகிவிடும். அவ்வளவுதான், கப்சிப்!

மைக்ரோசாஃப்ட் கம்பைலர் டீபக் செய்யும்போது இன்னும் மதிப்பு வைக்காத மெமரியை அதே 204-ஆல் நிரப்பி வைக்கும். அந்த 204 இரண்டைச் சேர்த்துச் சீன எழுத்தாகப் படித்தால் என்ன வரும்? ‘சூடு’! சீனப் புரோகிராமர்கள் திரையில் ‘சூடு சூடு சூடு’ என்று வந்தால் பக் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடுவார்கள்!

சாயப் பட்டறைக்காரர்களே, இது உங்களுக்கு! சிப்புக்குள் இருக்கும் மின்னல் வேக ரெஜிஸ்டர்களை எதற்கு ஒதுக்குவது என்று கம்பைலர் எப்படி முடிவு செய்கிறது? நிறம் பூசிப் பார்க்கும்! ஒரு ரெஜிஸ்டருக்கு ஒரு நிறம். ஒரே நேரத்தில் தேவைப்படும் இரண்டு மதிப்புகளுக்கு ஒரே நிறம் கூடாது. ஐபிஎம்மின் கிரெகரி சைட்டின் குழு 1981-இல் செய்து காட்டிய வித்தை. வழக்கமான இன்டெல் லேப்டாப் சிப்பில் இருப்பது 16 நிறம். மிஞ்சியதெல்லாம் மெமரிக்கு!

சென்னை ஐஐடியின் சக்தி சிப்பில் அதே ரெஜிஸ்டர்கள் 32! அதில் முதலாவதற்கு நீங்கள் எதை எழுதினாலும் ஏறாது. திரும்பப் படித்தால் எப்போதும் பூஜ்யம்தான். வேண்டுமென்றேதான் அப்படி! 2018-இல் அந்தச் சிப்பில் லினக்ஸ் ஓடியது!

மெமரிக்கும் சிப்புக்கும் இடையே அலைச்சல் குறையும்படி புரோகிராமைத் தானாகவே மாற்றி எழுதும் கம்பைலர் கருவி புளூட்டோ. 2008-இல் வந்த கட்டுரையில் 4 பெயர். உதய் பொந்துகுலா, ஆல்பர்ட் ஹார்ட்டோனோ, ஜே. ராமானுஜம், பி. சடையப்பன். நால்வரில் சென்னை ஐஐடியில் படித்தவர்கள் 3 பேர்!

வேண்டாத மெமரியைத் தானே பொறுக்கி மீட்கும் முறையை லிஸ்ப் மொழிக்காகக் கொண்டுவந்தவர் ஜான் மெக்கார்த்தி. முதல் நேரடி விளக்கக் காட்சி. எதிரே பார்வையாளர்கள். நடுவில் மெமரி முழுக்கத் தீர்ந்துபோனது. ‘குப்பை பொறுக்குபவரை அழைத்திருக்கிறோம், சுவையான சில புள்ளிவிவரங்கள் இதோ’ என்று மிஷின் தானே டைப் அடிக்க ஆரம்பித்தது. நிறுத்தவே இல்லை! மெக்கார்த்திக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. யாரோ குறும்பு செய்துவிட்டார்கள் என்று பார்வையாளர்கள் நினைத்திருப்பார்களாம். காட்சி அங்கேயே முடிந்தது! அவிநாசிக்காரர்களுக்கு இதெல்லாம் ஆச்சரியமா என்ன? முதலை விழுங்கிய பிள்ளையை ஆண்டுகள் கழித்துச் சுந்தரர் மீட்டுக் கொடுத்த ஊர் அல்லவா!

கம்பைலர் கம்ப்யூட்டருக்கு மட்டும்தானா? பின்னல் மிஷினுக்கே கம்பைலர் வந்துவிட்டது! 2016-இல் டிஸ்னி ரிசர்ச்சைச் சேர்ந்த ஜேம்ஸ் மெக்கான் குழு வெளியிட்டது. குழாய், தட்டை என்று வடிவத்தை மட்டும் சொல்லுங்கள். எந்த லூப் எந்த ஊசியில் எப்போது உட்கார வேண்டும் என்பதை அதுவே ஒதுக்கிக் கட்டளை எழுதிவிடும்! கையால் செய்தால்? ஆயிரக்கணக்கான திருத்தம்!

அந்தக் குழுவில் வித்யா நாராயணன் என்ற பெயரைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். முப்பரிமாண உருவத்தை அப்படியே பின்னலாக மாற்றும் 2018 கட்டுரையில் முதல் பெயரே அவருடையது!

கார்னகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஓர் அடிமட்ட மொழி வைத்திருக்கிறார்கள். பெயர் நிட்டவுட். அதன் கட்டளைகளைக் கேளுங்கள். நிட், டக், மிஸ்! நம்ம நிட்டிங் மாஸ்டர் கேம் மாற்றும்போது சொல்கிற அதே மூன்று! லூப்பை ஓர் ஊசியிலிருந்து இன்னோர் ஊசிக்கு மாற்ற ஒரு கட்டளை. ஊசியை விட்டு நழுவவிட இன்னொன்று. இடம் தெரியாமல் நழுவவிட்டால் துணியில் ஏணி விழும். இந்த பக்கை நம்ம செக்கிங் அக்கா அரை நொடியில் பிடித்துவிடுவார்!

2023-இல் இன்னும் ஒரு படி மேலே. இரண்டு வேறு புரோகிராம்கள் ஒரே துணியைத்தான் பின்னுமா என்று முடிச்சுக் கணிதத்தை வைத்து நிரூபிக்கும் வழியையே எழுதிவிட்டார்கள். ஒரு பீஸ்கூடப் பின்னிப் பார்க்க வேண்டாம்!

தமிழிலேயே புரோகிராம் எழுதலாம் தெரியுமா? முத்தையா அண்ணாமலையின் ‘எழில்’ மொழி பற்றிய கட்டுரை 2009-இலேயே வந்துவிட்டது. திரையில் காட்ட வேண்டுமா? ‘பதிப்பி’ என்று எழுதினால் போதும்!

போயிங் 787 விமானத்தை அணைக்காமலே வைத்திருந்தால் எத்தனை நாளில் மின்சாரம் மொத்தமும் போகும் நிலை இருந்தது? 248! ஜெனரேட்டர் கட்டுப்பாட்டுக் கருவியில் எண்ணுவதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிடும் கோளாறு அது. 2015-இல் அமெரிக்க விமானத் துறையே எச்சரித்தது. அதன் பரிந்துரை? அவ்வப்போது ஆஃப் செய்து ஆன் செய்யுங்கள்!

நேரத்தை விநாடி விநாடியாக எண்ணும் பழைய கம்ப்யூட்டர்கள் அதற்கு ஒதுக்கிய இடம் 32 பிட். அது தாங்கும் அதிகபட்சம் 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. அதற்கு அடுத்த விநாடி, தேதி 1901 டிசம்பருக்குத் தாவிவிடும்! எப்போது? 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை. அன்று காலை எட்டரை ஷிஃப்ட் தொடங்கி கால் மணிகூட ஆகியிருக்காது. இந்திய நேரம் 8 மணி 44 நிமிடம் 8 விநாடி!