கொலைகாரனைக் காட்டிக் கொடுத்த அழுக்கு உடை!

1923-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 11-ந் தேதி. நடுப்பகல் கழிந்த நேரம்.

அமெரிக்காவின் மேற்குக் கரையில் ஓரிகன் என்று ஒரு மாநிலம் இருக்கிறது. அதன் தெற்கு எல்லையில் சிஸ்கியூ மலை. மலையைக் குடைந்து ரெயில் பாதை போட்டிருக்கிறார்கள். அங்குள்ள 13-ம் எண் குகைக்குள் ஒரு ரெயில் மெதுவாகப் போய்க் கொண்டிருந்தது.

திடீரென்று ரெயில் நின்றது. துப்பாக்கியோடு எஞ்சினில் ஏறிய கொள்ளையர்கள், டிரைவரை மிரட்டி நிறுத்தச் செய்துவிட்டார்கள்.

டமார்!

தபால் பெட்டியை வெடி வைத்துத் தகர்த்தார்கள். வெடி மருந்தோ அளவுக்கு மிஞ்சிப் போயிற்று. பெட்டி தீப்பிடித்து எரிந்தது. உள்ளே இருந்த தபால் குமாஸ்தா உயிரோடு வரவில்லை. குகை முழுவதும் புகை. பணப் பை எங்கே என்று தேடக்கூட முடியவில்லை.

பின்னால் சாட்சி சொல்ல ஆள் இருக்கக் கூடாது என்று, எஞ்சின் டிரைவரையும், பயர்மேனையும், பிரேக்மேனையும் கொள்ளையர்கள் சுட்டுக் கொன்றார்கள். பிறகு காட்டுக்குள் ஓடி மறைந்தார்கள்.

போனது நான்கு உயிர். கொள்ளையர்களுக்குக் கிடைத்ததோ ஒரு காசு கூட இல்லை!

அகப்பட்டவர் யார்?

போலீசார் குகையைச் சுற்றித் தேடினார்கள். வெடியை வெடிக்க வைக்கும் மின்சாரக் கருவி, ஒரு கைத்துப்பாக்கி, ஒரு ஓவரால் ஆகியவை கிடைத்தன. ஓவரால் என்பது தொழிலாளர்கள் சட்டைக்கு மேல் போட்டுக் கொள்ளும் உடை. மார்புத் துணியும் கால்சட்டையும் ஒன்றாகத் தைத்திருக்கும்.

அந்த உடையில் கறுப்பாகப் பிசுக்கு ஒட்டியிருந்தது.

“இது கிரீஸ் கறை. மோட்டார் பட்டறையில் வேலை செய்கிறவன் உடை” என்று எண்ணினார்கள். பட்டறைத் தொழிலாளி ஒருவரைச் சந்தேகத்தின் பேரில் பிடித்தார்கள். அவர் கையிலும் உடையிலும் கறை இருந்தது. பட்டறைக்காரர் கையில் கறை இல்லாமல் சந்தனமா இருக்கும்?

நான்கு கொலை! குற்றம் ருசுவானால் தூக்கு மேடைதான். “நான் இல்லை” என்று அவர் சொன்னால் யார் நம்புவார்கள்?

தனி மனிதரின் பரிசோதனைச் சாலை

அப்போது கலிபோர்னியாவில் பெர்க்லி என்ற ஊரில் எட்வர்ட் ஆஸ்கார் ஹைன்ரிக் என்ற ரசாயன நிபுணர் இருந்தார். 1881-ல் பிறந்தவர். இளம் வயதிலேயே தந்தையை இழந்தவர். மருந்துக் கடையில் வேலை செய்து, பிறகு சர்வகலாசாலையில் ரசாயனம் படித்துப் பட்டம் பெற்றார்.

அவர் போலீஸ் உத்தியோகஸ்தர் அல்ல. வக்கீல் தொழில் நடத்துவது போல, தடயங்களைப் பரிசோதிப்பதைத் தனித் தொழிலாக நடத்தி வந்தார். போலீசார் அழைத்தாலும் போவார். குற்றம் சாட்டப்பட்டவரின் வக்கீல் அழைத்தாலும் போவார். கண்டதைச் சொல்வார்.

அந்த அழுக்கு உடை அவரிடம் வந்தது. பூதக்கண்ணாடியை எடுத்தார். பைகளைப் புரட்டினார். பைக்குள் இருந்த தூசி தும்பைக் கூட விடவில்லை. ஒவ்வொன்றாகப் பரிசோதித்தார்.

முதல் முடிவு: அது கிரீஸே அல்ல!

அது மரப் பிசின். பலாப்பழம் அரிந்தால் கையில் பால் ஒட்டிக் கொண்டு போக மாட்டேன் என்கிறதல்லவா? அதுபோல, மலைக் காட்டில் வளரும் ஊசியிலை மரங்களை வெட்டினால் பிசின் ஒட்டிக் கொள்ளும். பைக்குள் அந்த மரத்தின் ஊசி இலைத் துணுக்குகளும் கிடந்தன.

ஆகவே, உடைக்குச் சொந்தக்காரன் மரம் வெட்டுகிறவன். இடப்பக்கம் அதிகம் தேய்ந்திருந்ததால், இடக்கைப் பழக்கம் உள்ளவன்.

பட்டறைத் தொழிலாளிக்கு விடுதலை கிடைத்தது.

பென்சில் பையில் ஒரு சுருள்

உண்மைக் குற்றவாளி யார்?

உடையின் மார்பில் பென்சில் வைக்கும் குறுகலான பை ஒன்று இருந்தது. அதன் அடியில் ஏதோ சுருண்டு கிடந்தது. அதற்கு முன் பல கைகள் புரட்டிய உடைதான். ஆனால் ஒருவர் கண்ணிலும் அது படவில்லை. துவைத்துத் துவைத்துக் கெட்டிப்பட்டுப் போன காகிதம். ஹைன்ரிக் அதை மெல்லப் பிரித்தார். அயோடின் என்னும் மருந்தைக் கொண்டு பக்குவம் செய்தார். மங்கிய எழுத்துக்கள் தெரிந்தன.

அது ஒரு ரிஜிஸ்தர் தபால் ரசீது!

தபால் இலாகாவில் விசாரித்தார்கள். 1923 செப்டம்பர் 14-ந் தேதி, ஓரிகனில் உள்ள யூஜீன் என்ற ஊரிலிருந்து ராய் டி ஆட்ரமோண்ட் என்பவன் தன் தம்பி ஹியூவுக்கு 50 டாலர் அனுப்பிய ரசீது அது. ராய் மரம் வெட்டும் வேலை பார்த்தவன். இடக்கைப் பழக்கம் உள்ளவன்!

துப்பாக்கியும் பேசியது. வெளியே இருந்த எண்ணை அழித்திருந்தார்கள். ஆனால் உள்ளே மறைவாக இன்னொரு எண் இருந்தது. ஹைன்ரிக் துப்பாக்கியைக் கழற்றி அதைக் கண்டுபிடித்தார். அதை வாங்கியவன் பொய்ப் பெயரில் கையெழுத்துப் போட்டிருந்தான். பெயர்தான் பொய். எழுத்து ராயின் எழுத்து!

ராய், அவனுடன் பிறந்த இரட்டையன் ரே, தம்பி ஹியூ. மூவருமே கொள்ளையர்கள். 20 லட்சத்துக்கு மேல் விளம்பரத் தாள்கள் அச்சிட்டுத் தேடினார்கள். 1927-ல் ஹியூ பிலிப்பைன்ஸ் தீவில் அகப்பட்டான். வேறு பெயரில் பட்டாளத்தில் சேர்ந்திருந்தான்! அதே ஆண்டு இரட்டையர்கள் ஒஹையோ மாநிலத்தில் பிடிபட்டார்கள். மூவருக்கும் ஆயுள் தண்டனை கிடைத்தது.

ஊகம் வேறு, ருசு வேறு

ஹைன்ரிக் 1953-ல் காலமானார். அவர் சொன்னதெல்லாம் இன்றும் செல்லுமா?

செல்லாது. உடையில் கிடைத்த ஒரு முடியைப் பார்த்து, ஆள் இப்படிப்பட்டவன் என்றும் அவர் சொன்னார். இன்று அப்படிச் சொன்னால் நிபுணர்களே தடுப்பார்கள். முடியைப் பூதக்கண்ணாடியில் மட்டும் பார்த்துச் சொன்ன சாட்சியங்களை எப்.பி.ஐ. என்ற அமெரிக்கத் துப்பறியும் இலாகா திருப்பிப் பார்த்தது. 2015-ல் முடிவு வெளியாயிற்று. எதிரிக்குப் பாதகமாக அத்தகைய சாட்சியம் சொல்லப்பட்ட 268 வழக்குகளில் 257-ல் நிபுணர்கள் தவறாகப் பேசியிருந்தார்கள்!

ஆனால் ரசீது ஊகம் அல்ல. யார் வேண்டுமானாலும் தபால் ஆபீஸ் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இவர் சொன்னார் என்பதற்காக நம்ப வேண்டியதில்லை. அதுதான் ருசு.

நிபுணர் சர்க்கார் ஆளானாலும் சரி, தனித் தொழில் செய்பவரானாலும் சரி, அவர் சொன்னதை இன்னொருவர் சோதித்துப் பார்க்க இடம் வேண்டும். முதலில் பார்த்தவர்கள் கறையைக் கிரீஸ் என்றார்கள். இரண்டாவதாக ஒருவர் பார்த்திராவிட்டால், அந்தப் பட்டறைத் தொழிலாளியின் கதி என்ன?

நமக்கும் இதில் ஒரு பாடம் உண்டு. வீட்டில் திருட்டுப் போனால், அலறியடித்துக் கொண்டு அலமாரியைத் துழாவாதீர்கள். போலீசார் வருவதற்குள் வீட்டைக் கூட்டிச் சுத்தம் செய்யாதீர்கள். அக்கம் பக்கத்தாரை உள்ளே விடாதீர்கள்.

நீங்கள் குப்பை என்று கூட்டித் தள்ளும் சின்னக் காகிதச் சுருள், ஒரு திருடனைப் பிடித்துக் கொடுக்கலாம். ஒரு நிரபராதியை அவர் வீட்டுக்குத் திருப்பி அனுப்பவும் செய்யலாம்!